இரண்டு பேருக்கு ஒரு மேசை: வார இறுதிப் பயணத்தில் உணவகம் தேடிய அனுபவங்கள் (ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அதை எழுதியவரின் புனைபெயர்)

ஜன்னலோர இருக்கை

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு முன்பதிவு. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் என் மனைவி. மெனுவை முன்கூட்டியே படித்து, எதை யார் வாங்கிப் பகிர்ந்துகொள்வது என்பதுவரை பேசி வைத்திருந்தோம். உணவில் எந்தக் குறையும் இல்லை. எட்டேகால் மணிக்கு, மனைவி இனிப்பில் இரண்டாவது கரண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே பில் மேசைக்கு வந்தது. "எட்டரை மணிக்கு இந்த மேசை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று அந்த இளைஞர் மிகப் பணிவாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டே என் மனைவியின் தண்ணீர் டம்ளரை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார். அதில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

ஒன்றரை மணி நேரம்தான் மேசை என்று முன்பதிவுச் செய்தியிலேயே இருந்தது. அதைப் பற்றி நான் வாதிடவில்லை. வெள்ளி மாலை போய்ச் சேர்ந்து ஞாயிறு மாலை கிளம்பும் பயணத்தில் நிதானமாகச் சாப்பிடக் கிடைப்பது இரண்டே இரவுகள். அதில் ஒன்று கடிகாரத்தைப் பார்த்தபடி முடிந்தது. அந்த டம்ளர் மட்டும் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. இருவராகப் போகிறவர்களுக்கு எல்லா இடங்களிலும் இதுதான் நடக்கிறதா?

முன்னாள் சர்வர்

டம்ளரை எடுத்தது அநாகரிகம். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் நேரக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் உள்ளிருந்தும் பார்க்க வேண்டும். பெருநகரத்தில் நடுத்தர உணவகம் ஒன்றுக்கு வாடகையும் சம்பளமும் ஏழு நாளும் ஓடுகின்றன. வருமானத்தின் பெரும்பங்கு வெள்ளி, சனி இரவுகளின் சில மணி நேரத்தில்தான் வருகிறது. அதனால் ஒரே மேசையை ஓர் இரவில் இரண்டு முறை, முடிந்தால் மூன்று முறை நிரப்பியாக வேண்டும். இருவர் மேசைக்கு ஒன்றரை மணி, நால்வர் மேசைக்கு இரண்டு மணி என்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்ட கணக்கு. ஏழு மணிக்கு உட்காருகிறவருக்குப் பின்னால் எட்டரை மணிக்காரர் ஒருவர் நிச்சயம் இருப்பார். எட்டரைக்கு உட்காருகிறவருக்குப் பின்னால் பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை. அவரை எழுப்ப எந்த சர்வருக்கும் அவசரமில்லை.

என் அனுபவம் வேறு வகையானது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சமையலறை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது, பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். இணையத்தில் பதினொரு மணிவரை திறந்திருக்கும் என்று போட்டிருந்ததாம். அது கதவு மூடும் நேரம். கிரில்லை அப்போதே தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள். சூப்பும் இன்னும் இரண்டு ஐட்டங்களும் மட்டுமே கொடுக்க முடிந்தது. நான் சூப்பைக் கொண்டுபோனபோது அந்த அம்மா கணவரின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று அவர் எனக்குக் கண்ணாலேயே சைகை காட்டினார். சூப் அப்படியே ஆறிப்போனது.

ஆகவே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். போய்ச் சேரும் நாளின் இரவுச் சாப்பாட்டுக்கு, தங்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒன்றைப் பாருங்கள்; புகழ்பெற்ற உணவகத்தை அன்று வைக்காதீர்கள், ரயிலோ விமானமோ தாமதமானால் அது முதலில் கைவிட்டுப் போகும். "கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள், "எத்தனை மணிவரை திறந்திருக்கும்?" என்ற கேள்விக்குக் கதவின் நேரத்தைத்தான் சொல்வார்கள். கடைசி ஆர்டர் அதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு முன்பதிவு போதும்; மதியத்துக்கும் இரவுக்கும் பெரிய இடங்களாக வைத்தால் இரண்டாவதில் பசி இருக்காது. கழிவறைக் கதவுக்கும் சமையலறைக் கதவுக்கும் அருகிலுள்ள இருவர் மேசைதான் முன்பதிவில்லாமல் வருகிறவருக்கு முதலில் காட்டப்படும்; உட்காருவதற்கு முன் வேறு மேசை கேட்பதில் தவறில்லை, உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிய பிறகு கேட்டால்தான் எங்களுக்குச் சிரமம். இணையத்தில் இடமில்லை என்று வந்தாலும் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். கவுண்டர் இருக்கைகளை இணையத்தில் காட்டாத இடங்கள் உண்டு. இருவருக்குக் கவுண்டர் நல்ல இடம்: சமையலைப் பார்க்கலாம், பேசிக்கொள்ளத் தலையை மட்டும் திருப்பினால் போதும்.

மழைக்காகிதம்

கவுண்டரைப் பரிந்துரைத்தவர் அங்கே உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறாரா என்று தெரியவில்லை. எங்கள் கதை சத்தத்தைப் பற்றியது.

மிஷ்லின் என்ற புகழ்பெற்ற உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் வாங்கிய உணவகம் அது. திறந்த சமையலறை, சிமெண்ட் தரை, திரைச்சீலை இல்லாத பெரிய கண்ணாடிகள், உயர்ந்த கூரை. சாதாரணமாக இருவர் பேசிக்கொள்வது ஏறக்குறைய 60 டெசிபெல் என்பார்கள். அங்கே என் கணவர் பக்கத்தில் இருந்துகொண்டு கத்த வேண்டியிருந்தது. சத்தம் கூடக் கூட ஒவ்வொருவரும் அறியாமலேயே குரலை உயர்த்துவார்கள். அதனால் சத்தம் இன்னும் கூடும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்டு இந்த இயல்பை 1911இல் விவரித்தார், அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. முக்கால்வாசி நிரம்பியிருந்த கூடம் எட்டு மணிக்கு முழுதாக நிரம்பியபோது அதை நேரிலேயே கண்டேன்.

மீன் வந்த வேளையில் அவர் முன்னே சாய்ந்து ஏதோ நீளமாகச் சொன்னார். உதடுகள் அசைவதைப் பார்த்தேன். காதில் ஒரு சொல்லும் விழவில்லை. முகத்தில் ஒரு தயக்கம் இருந்ததால், உணவைப் பற்றி ஏதோ கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு சிரித்துத் தலையாட்டினேன். அவர் முகம் சட்டென்று தெளிந்தது. என் கையைப் பிடித்து அழுத்தினார். டாக்சியில் திரும்பும்போதுதான், "நீ இவ்வளவு எளிதாகச் சம்மதிப்பாய் என்று நினைக்கவேயில்லை" என்றார். வேலையை விட்டுவிடப் போவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

விட்டும்விட்டார். அது வேறு கதை.

நட்சத்திரம் வாங்கிய இடத்தில் எல்லாமே சிறப்பாக இருக்கும் என்று நம்பிப் போகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். மிஷ்லின் என்பது டயர் நிறுவனம்; 1900இல் வாகன ஓட்டிகளுக்காக வழிகாட்டி நூல் வெளியிடத் தொடங்கியது; நட்சத்திரம் 1926இல் வந்தது, மூன்று படிகளாக விரிந்தது 1931இல். இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை மாற்றிச் சென்று சாப்பிடத் தக்கது, மூன்று என்றால் அதற்காகவே பயணம் செய்யத் தக்கது என்று பொருள். தட்டில் உள்ள உணவுக்குத்தான் அந்த நட்சத்திரம் தரப்படுகிறது. மேசைகளுக்கிடையே எவ்வளவு இடம் இருக்கிறது, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்குமா என்பதற்கெல்லாம் அதில் மதிப்பெண் கிடையாது. தம்பதியாகப் போகிறவர்கள் உணவுப் படங்களுக்கு முன்பு கூடத்தின் படத்தைப் பார்க்கட்டும். தரையில் விரிப்பு, மேசையில் துணி, சுவரில் திரைச்சீலை: இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் முக்கியமான பேச்சை அறையிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது.

நான்கு புள்ளி ஆறு

நட்சத்திரத்தைப் பற்றி மேலே எழுதிய சகோதரி சொன்னது சரிதான், ஆனால் பாதி. அந்த வழிகாட்டியின் ஆய்வாளர்கள் தங்களை வெளிக்காட்டாமல் வந்து, பில்லைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். நியாயமான விலையில் நல்ல உணவு தரும் இடங்களுக்கென்று 1997 முதல் ‘பிப் குர்மோ’ என்ற தனிப் பட்டியலும் இருக்கிறது. வார இறுதிக்குப் போகும் இருவர் நட்சத்திரத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்க வேண்டும். கைபேசியில் தெரியும், வாடிக்கையாளர்கள் போடும் புள்ளிகளுக்கு அந்த உத்தரவாதமும் கிடையாது. 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், தன் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப் அட்வைசர் என்ற பயண விமர்சனத் தளத்தில் பதிந்து, ஷேவிங் நுரையை உணவுபோல் படம் எடுத்துப் போட்டு, நண்பர்களைக்கொண்டு பொய் விமர்சனங்கள் எழுதவைத்து, அந்த நகரத்தின் முதலிடத்துக்கே கொண்டுவந்தார். அங்கே ஓர் அடுப்புகூட எரியவில்லை. மேசை கேட்டு மட்டும் ஓயாமல் அழைப்புகள் வந்தன.

எங்கள் விஷயம் இரண்டு வரியில் அடங்கும். எதிரெதிரே இரண்டு உணவகங்கள், ஒன்றுக்கு 4.6, மற்றதற்கு 4.4. தூறலில் நின்றபடி நான் 4.6 காரர்களின் விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருந்தேன், மனைவி 4.4 காரர்களின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கே ஒரு பாட்டி தட்டை ரொட்டியால் வழித்துத் துடைத்துச் சாப்பிடுகிறார், வாருங்கள்" என்றாள். நான் படித்து முடிப்பதற்குள் அந்தக் கடைசி மேசையும் போய்விட்டது. 4.6இல் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. ஆனால் அவள் சாப்பிட்டுக்கொண்டே எதிர்ப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள்.

கடைசி ரயில்

முன்னாள் சர்வர் உணவகத்தின் நியாயத்தை மட்டும் பேசுகிறார். மேசையைப் பிடித்து வைப்பதற்கே கார்டு எண்ணை வாங்கிக்கொண்டு, வராவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளும் இடங்களைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. எங்கள் ரயில் நடுவழியில் நின்றபோது, முன்பதிவு நேரத்துக்கு வெகு முன்பே அழைத்துச் சொன்னோம். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். பின்னணியில் யாரோ சிரிப்பது கேட்டது. "ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அடுத்த நாளுக்கு மாற்றித் தர முடியுமா என்றதற்கும் அதே வாக்கியம், அதே குரலில், சுருதிகூட மாறாமல் வந்தது. இருவருக்கான பணமும் போயிற்று. எட்டரை மணிக்கு அடுத்தவர் காத்திருப்பார் என்று மேலே விளக்கினீர்களே, அப்படியானால் எங்கள் மேசை அன்று காலியாகவா கிடந்திருக்கும்?

அரை உப்பு

என் கணவர் அசைவம் சாப்பிடுவதில்லை, நான் சாப்பிடுவேன். செஃப் தீர்மானிக்கும் வரிசையில் பல சிறு தட்டுகள் வரும் இரவு அது. முன்பதிவிலேயே அவருடைய உணவு முறையைக் குறிப்பிட்டிருந்தோம். "நிச்சயமாகச் செய்து தருகிறோம்" என்று பதிலும் வந்திருந்தது. முதல் மூன்று தட்டுகளில் குறையில்லை. நான்காவதாக என் முன் ஒரு மீன் துண்டு, அதைச் சுற்றிப் பச்சை நிறச் சாற்றில் ஒரு வளையம். அவர் முன்னும் அதே தட்டு, அதே வளையம், நடுவில் ஒன்றுமில்லை. சர்வர் இரண்டு தட்டுகளையும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டு, மீன் எங்கிருந்து வந்தது என்று இருவரையும் மாறிமாறிப் பார்த்து விளக்கினார். கணவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு கரண்டியால் அந்தச் சாற்றை வட்டமாக, முழுதாக எடுத்துச் சாப்பிட்டார். எனக்கு மீன் இறங்கவில்லை. பில்லில் இரண்டு பேருக்கும் ஒரே தொகை.

"செய்து தருவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள் என்பதால், மறுநாள் காலை வேறோர் உணவகத்தை அழைத்து, "அவருக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். எடுத்த பெண் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார், பாத்திரங்கள் உரசும் சத்தமும், யாரோ "எத்தனை மணிக்கு வருகிறார்கள்?" என்று கேட்பதும் காதில் விழுந்தன. திரும்பி வந்து மூன்று உணவுகளைப் பெயர் சொல்லி, மூன்றாவதற்கு மட்டும் காளான் கிடைத்தால்தான் என்றார். ஞாயிறு மதியம் அங்கே போனோம். காளான் கிடைத்திருந்தது.

முன்னாள் சர்வர்

கடைசி ரயில் அவர்களுக்கு: காலியாகக் கிடந்திருக்காது என்று நீங்கள் எண்ணுவது பெரிய இடங்களுக்குப் பொருந்தும். இருபது முப்பது இருக்கை கொண்ட சிறிய இடத்தில் வராதவரின் மேசை பல நேரம் காலியாகவேதான் கிடக்கும். அன்று வாங்கிய மீனும் காய்கறியும் மறுநாளுக்கு ஆகாது. அதற்காக, முன்பே அழைத்துச் சொன்னவரின் பணத்தைப் பிடித்துவைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. கார்டு கேட்கும் உணவகத்தில் ரத்து செய்யும் கெடு எத்தனை மணி நேரம், தேதியை மாற்ற அனுமதி உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு யாருக்கும் நினைவில் இருக்காது. மாற்ற மாட்டோம் என்று சொல்லும் இடத்தைப் பயண நாளில் வைக்காமல் இரண்டாம் நாளில் வைக்கலாம்.

அரை உப்பு அவர்கள் ஞாயிறு மதியத்தைத் தேர்ந்தெடுத்தது பற்றி ஒன்று. மேசையைக் காலி செய்யச் சொல்லும் அவசரம் மதியத்தில் குறைவு, பல இடங்களில் அதே சமையலறையின் மதிய மெனு இரவைவிட விலை குறைவாகவும் இருக்கும். ஆனால் ஞாயிறு இரவையும் சேர்த்துத் தங்குவதாக இருந்தால் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வார இறுதி முழுவதும் உழைத்த உணவகங்களில் பல, ஞாயிறு இரவிலோ திங்களன்றோ அடுப்பை அணைத்துவிடும்.