கினஸ்கோப்: 'திரைநகல்' சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய டிவி நிகழ்ச்சிகளை ஃபிலிமில் பதிவு செய்த 'கினஸ்கோப்' முறைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்தக் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். 'படச்சுருள் பதிவு' என்று ஓர் ஐயா சொன்னது எளிமையாக இருக்கிறது. ஆனால் சினிமாவும் படச்சுருளில் பதிவானதுதானே? கினஸ்கோப் ஸ்டூடியோவில் நடப்பதை நேராகப் படம்பிடித்ததல்ல. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை ஒரு டிவி திரையில் ஓடவிட்டு, அதன் எதிரே ஃபிலிம் கேமராவை வைத்து எடுத்தது. 'தியேட்டர் பிரிண்ட்' என்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலைதான். கினஸ்கோப்பை டிவி நிலையத்தாரே எடுத்தார்கள். அமெரிக்க டிவியில் நொடிக்கு 30 படம், ஃபிலிமில் 24. இந்த இடைவெளியைச் சமாளிக்கத் தனி ஷட்டரோடு ஈஸ்ட்மன் கோடக் 1947இல் ஒரு கேமராவே கொண்டுவந்தது. ஆகவே 'திரை' என்பது சொல்லில் இருந்தே ஆகவேண்டும்.

அமெரிக்க டிவி நட்சத்திரங்களான மில்டன் பெர்ல், எட் சல்லிவன் இருவரும் 1948இல் நியூயார்க்கிலிருந்து பல்சுவை நிகழ்ச்சிகளை நேரலையாக நடத்தத் தொடங்கியபோது மேற்குக் கரைக்கு ஒளிபரப்பைக் கொண்டுசெல்லும் இணைப்பு கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் கினஸ்கோப் வந்து சேர்ந்த பிறகுதான் பார்த்தார்கள். இணைப்பு 1951இல் வந்தது. அப்புறமும் மூன்று மணி நேர வித்தியாசம் இருந்ததே! எடுத்த ஃபிலிமை உடனே கழுவிக் காயவைத்து, அதே இரவு மேற்கில் ஒளிபரப்பினார்கள். அதற்குப் பெயர் 'ஹாட் கினி' ('கினஸ்கோப்' சுருங்கி 'கினி'). 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் வீடியோ நாடா வந்ததும் இந்த ஓட்டம் குறைந்தது.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு அக்கறை காட்டக் காரணம் அமெரிக்க நகைச்சுவை நடிகர் சிட் சீசர். 1955இல் ஓர் இத்தாலிய ஓப்பராவைக் கேலி செய்து நடிக்கிறார். கன்னத்தில் கண்ணீர்த் துளி வரையும்போது பென்சில் முனை உடைந்துவிடுகிறது. நேரலை, நிறுத்த வழியில்லை. மனிதர் பாட்டை விடாமல், கன்னத்திலேயே கட்டம் கீறி, பூஜ்ஜியமும் பெருக்கல் குறியும் போட்டு விளையாடத் தொடங்கிவிட்டார். அந்தக் கணத்தில் பிறந்த நகைச்சுவையை இன்று நாம் பார்க்க முடிவது கினஸ்கோப்பால்தான். மங்கலாக இருந்தாலும் நமக்கு மிஞ்சியது அதுதான். எல்லாவற்றுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. டூமாண்ட் என்ற டிவி நிறுவனத்தின் கினஸ்கோப்புகள் 1970களில் நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டதாக நடிகை ஈடி ஆடம்ஸ் 1996இல் சாட்சியம் சொன்னார். நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஓலைச்சுவடியைப் 'படியெடுத்தல்' என்ற வழக்கு இருப்பதால் 'திரைப்படி' எனக்கு முதலில் பிடித்தது. ஆனால் 'சட்டப்படி', 'முறைப்படி' போல அது வேறு பொருளில் காதில் விழுகிறது. 'திரைநகல்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. 'திரைநகல் எடுத்தார்கள்', 'திரைநகல் கேமரா' என்றெல்லாம் வாக்கியத்தில் சிக்கலின்றி உட்காருகிறது. கணினித் திரையில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டோடு குழம்பாதா என்று குழுவில் ஓர் அம்மா கேட்டிருந்தார். அதற்குத்தான் 'திரைப்பிடிப்பு' ஏற்கெனவே புழங்குகிறதே, அது அப்படியே இருக்கட்டும்.

'ஹாட் கினி'க்கு 'சுடுநகல்' என்று வைத்துப் பார்த்தேன். 'சுடு' என்றதும் 'சுட்ட நகல்', அதாவது திருடியது என்று இன்றைய பேச்சில் பொருள் வந்துவிடுகிறது. 'உடன்நகல்' பரவாயில்லை என்று படுகிறது, ஆனால் அந்த அவசரம் அதில் இல்லை. அச்சுக்கூடத்திலோ பத்திரிகையிலோ இருந்தவர்கள், ஈரம் காயுமுன் போகும் பிரதிக்கு உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.