சீரியல் டைட்டில் பாட்டை ஏன் தள்ளிவிட வேண்டும்?

பாம்பன் வலைக்காரன்:
நேற்று மகள் செல்போனில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு தொடங்கியதும் கட்டைவிரலால் ஒரு தட்டு, நேராகக் கதைக்குப் போய்விட்டாள். எனக்கு வயிறெரிந்தது. 1999-இல் ‘சித்தி’ வந்தபோது எங்கள் தெருவில் டிவி இருந்த வீடுகள் குறைவு. தினா இசையில் நித்யஸ்ரீ குரல் கேட்டதும்தான் வலை பின்னுகிறவர்கள் ஊசியை வைப்பார்கள். பாட்டு முடிவதற்குள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்துவிட வேண்டும். அதிகாலையில் கடலுக்குப் போக வேண்டியவர்கூட படுக்க மாட்டார்.

மண்டபம் மலர்:
அண்ணே, அது பாட்டின் பெருமையா, டிவி இல்லாததன் கஷ்டமா? வாரக்கணக்கில் விட்டதை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் பார்க்கிறோம். ஆறு எபிசோடு என்றால் அதே பாட்டு ஆறு தடவை. நெட்ஃபிளிக்ஸ் 2017-லேயே அறிமுகத்தைத் தாண்டிப்போக ஒரு பட்டன் வைத்துவிட்டது. டிவியிலும் அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபது நிமிடச் சொச்சம்தான். அதிலும் பாட்டா?

கீழக்கரை காக்கா:
கேபிள் வருவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கரையில் சென்னை தூர்தர்ஷன் புள்ளிபுள்ளியாகத்தான் வரும். மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாக் கம்பைக் கிழக்கே திருப்பினால் இலங்கை ரூபவாஹினி பளிச்சென்று வரும். அது 1982-இல் தொடங்கியது. சிங்களத்தில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் நாடகத்துக்கு முன்னால் வரும் பாட்டை என் உம்மா அடுப்படியில் முணுமுணுப்பார். கதையும் புரியாது, பாட்டும் புரியாது. ‘இப்ப அழுவாங்க பாரு’ என்பது மட்டும் மெட்டிலேயே தெரிந்துவிடும்.

மண்டபம் மலர்:
காக்கா, நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள். மெட்டுதானே வேலை செய்தது? அந்த வேலையை இப்போது பின்னணி இசை பார்க்கிறது. மாமியார் கதவைத் திறந்தால் ஒரு இசை, நாயகி திரும்பினால் ஒரு இசை. பாட்டு சாகவில்லை, துண்டு துண்டாகக் கதைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

பாம்பன் வலைக்காரன்:
துண்டை எப்படியம்மா பாடுவது? மாமியார் கதவு திறக்கும் இசையை ஏலக்கூடத்தில் மீன் பிரிக்கிறபோது யாராவது முணுமுணுப்பார்களா? நீ இப்போது பார்க்கிற தொடரின் டைட்டில் பாட்டில் இரண்டு வரி சொல், பார்ப்போம்.

மண்டபம் மலர்:
முதல் வரி தெரியும். இரண்டாவது... பொறுங்கள், அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

பாம்பன் வலைக்காரன்:
ஹஹ்ஹா! அதற்குத்தான் தள்ளிவிடாதே என்கிறேன்.

மண்டபம் மலர்:
சரி, அண்ணே, இப்போது நான் கேட்கிறேன். 2002-இல் இருந்து 2005 வரை விடாமல் ‘மெட்டி ஒலி’ பார்த்திருப்பீர்கள். கதையைச் சொல்லுங்கள்.

பாம்பன் வலைக்காரன்:
சிதம்பரம் என்று ஒரு அப்பா. ஐந்து பெண்கள். அப்புறம்... மூத்தவளுக்கு மாமியார் வீட்டில் ஏதோ பிரச்சினை. மூத்தவளா, இரண்டாவதா?

கீழக்கரை காக்கா:
தம்பி, பாட்டைப் பாடிப் பாருங்கள். கதை தானாக வருதான்னு பார்ப்போம்.

பாம்பன் வலைக்காரன்:
பாடிவிட்டேன், காக்கா. பாட்டு முழுசாக வந்தது. கதைதான் வரவில்லை.