லேட்டன்சிக்குத் தமிழ்ச்சொல்: சுணக்கமா, அந்தரமா?

கிருஷ்ணகிரி, இசை ஆசிரியர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மடிக்கணினியையும், அதோடு இணைக்கும் கட்டைப் பலகையான மிடி கன்ட்ரோலரையும் கொண்டு மேடையில் நேரடியாக வாசிக்கும் முறையை வரும் சனிக்கிழமை காவேரிப்பட்டணத்தில் பதினான்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்க இருக்கிறேன். கையேடு வியாழனன்று அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்ற சொற்களை ஒருவாறு முடித்துவிட்டேன். லேட்டன்சி என்ற சொல்லிடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலருக்குச் சொந்தக் குரல் கிடையாது. கட்டையை அழுத்தினால் எந்தச் சுரம், எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது என்பதை 0 முதல் 127 வரையிலான எண்களாகக் கணினிக்கு அறிவிப்பதோடு அதன் வேலை முடிகிறது. ஒலியை உருவாக்குவது கணினியில் உள்ள மென்பொருள். அதுவும் ஒலியை ஒவ்வொரு துளியாக அனுப்பாமல், ஒரு தொகுப்பு நிரம்பிய பிறகே, ஒலிபெருக்கிக்கு ஒலியை அனுப்பும் கருவியான ஆடியோ இன்டர்ஃபேசுக்குத் தருகிறது. அந்தத் துளிக்கு மாதிரி என்று பெயர். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில், தொகுப்பின் அளவு 256 மாதிரிகள் என்றால் அதற்கு மட்டும் 5.3 மில்லிநொடியும், 1024 என்றால் 21.3 மில்லிநொடியும் செல்லும். அளவை மிகவும் குறைத்தாலோ கணினி ஈடுகொடுக்க முடியாமல் ஒலி படபடவென்று வெட்டுப்படும். விரல் அழுத்தியதற்கும் காது கேட்டதற்கும் இடையே உள்ள அந்த நேரத்துக்கே பெயர் வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாரியம்மன் திருவிழாவில், ஒலி வெட்டுப்படுமோ என்ற அச்சத்தில் 1024-இல் வைத்தே வாசித்தேன். என் ஒலி பிந்தி வந்ததால் பம்பைக்காரர் எனக்காகத் தாளத்தை இழுத்தார். அவர் இழுத்ததால் நானும் இழுத்தேன். மூன்றாம் பாட்டில் பம்பையின் உயிரே போய்விட்டது. பிள்ளைகளுக்கு அது நேரக்கூடாது என்பதால்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு கவலைப்படுகிறேன்.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஐயா, தேடவே வேண்டாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இருக்கிறது. “குழல்வழி நின்றது யாழே, யாழ்வழித் தண்ணுமை நின்றது தகவே” என்று ஒன்றன் வழி ஒன்றாகக் கருவிகளை நிறுத்திவந்த இளங்கோவடிகள், “ஆமந்திரிகையொடு அந்தரம் இன்றி” என்கிறார். ஆமந்திரிகை என்ற கருவியோடு இடைவெளி இல்லாமல் என்பது பொருள். நீங்கள் விவரித்த கன்ட்ரோலர், கணினி, இன்டர்ஃபேஸ், ஒலிபெருக்கி என்ற வரிசையும் ஒன்றன் வழி மற்றொன்று நிற்பதுதானே? அந்த வரிசையில் விழும் இடைவெளிக்கு ‘அந்தரம்’ என்றே பெயரிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘மிடி’ என்றால் தமிழில் வறுமை. அந்தச் சொல்லைப் பிள்ளைகள் நாள் முழுவதும் ஓதிக்கொண்டிருப்பதில் எனக்கு மனமில்லை.

ஓசூர், மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

மிடி என்பது இசைக்கருவிகளும் கணினிகளும் செய்தி பரிமாறிக்கொள்ள 1983 முதல் உலகெங்கும் வழங்கும் நெறிமுறையின் பெயர். அதை நாம் தொடவேண்டியதில்லை, ஐயா. லேட்டன்சிக்கு நான் வழக்கமாகத் ‘தாமதம்’ என்றே எழுதுவேன். ஆனால் இசை மென்பொருளில் டிலே என்ற எதிரொலி விளைவு தனியே உள்ளது. அது வாசிப்பவர் விரும்பிச் சேர்ப்பது. லேட்டன்சி விரும்பாமல் வந்து சேர்வது. இரண்டையும் தாமதம் என்று எழுதினால், ஒன்றைக் குறைக்கப் போன பிள்ளை மற்றதைக் குறைப்பான். எனவே ‘சுணக்கம்’ என்பதே என் பரிந்துரை. லத்தீனில் ‘மறைந்திருத்தல்’ என்று பொருள்படும் வேரைப் பார்த்து ‘உள்ளுறை’ என எழுதியவர்களையும் கண்டிருக்கிறேன். அது வேரைப் பெயர்ப்பதே அன்றிப் பொருளைப் பெயர்ப்பது ஆகாது.

அரூர், முதுகலைத் தமிழ் மாணவர்:

அந்தரம் வடசொல் ஆயிற்றே, ஐயா. காலந்தாழ்த்துதல் என்ற நல்ல வழக்கிலிருந்து ‘தாழ்ப்பு’ என்று ஆக்கலாம். இல்லையேல் ‘தடை’ என்பதன் உறவைப் பார்க்கலாம். கன்னடத்தில் ‘தட’ என்றாலே தாமதம்தான். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். அவர்களுக்கு அந்த வேர் உடனே விளங்கும்.

பாலக்கோடு:

தம்பி, இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கையும் செய்யுளுக்கு உரியனவாகத் தொல்காப்பியரே ஏற்றார். இளங்கோவடிகள் கையாண்ட பிறகு நாம் வாசலில் நிறுத்திச் சாதி கேட்க வேண்டாம். சுணக்கத்தின் மேல் எனக்குள்ள குறை வேறு. சங்க இலக்கியத்தில் ‘சுணங்கு’ என்றால் மேனியில் படரும் தேமல். சுணங்குதல் என்ற வினைக்குச் சோர்தல் என்ற பொருளும் உண்டு. தேமல் படர்ந்த மேனியும், சோர்ந்த உடலும், பிந்திய வேலையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தனவா என்று நெடுநாளாக எண்ணி வருகிறேன். எப்படியாயினும், இன்றைய செய்தித்தாளில் ‘பணியில் சுணக்கம்’ என்றால் யாரோ ஒருவர் கடமையில் தவறினார் என்றே பொருள். தொகுப்பு நிரம்பும்வரை கணினி காத்திருப்பது அதன் அமைப்பு. செய்யாத பிழையைச் சொல்லால் சுமத்தலாமா?

கிருஷ்ணகிரி:

ஐயாவின் மேற்கோளைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. கையேட்டின் முதல் பக்கத்தில் அதைச் சேர்த்துவிட்டேன். ஆனால் என் வகுப்பில் அந்தரம் என்றவுடன் பிள்ளைகள் அந்தர காந்தாரம் என்ற சுரத்தை நினைப்பார்கள். இசை வகுப்பிலேயே ஒரு சொல் இரண்டு பொருளில் நின்றால் நான் என்ன செய்வேன்? தாழ்ப்பு என்று சொல்லிப் பார்த்தேன். என் மகள் கதவுத் தாழ்ப்பாளா என்று கேட்டாள். ‘தட’ ஓசூரில் விளங்கும், ஊத்தங்கரையில் விளங்காது.

சுணக்கத்தில் குற்றச்சாட்டின் வாடை இருப்பது உண்மை. ஆயினும் அதில் ஒரு வசதியைக் காண்கிறேன். சுணக்கம் என்றால் குறைக்க வேண்டிய ஒன்று என்று பிள்ளைக்குத் தானாகவே தோன்றும். வாசிக்கும்முன் தொகுப்பின் அளவைப் பார்ப்பான், வைஃபையை அணைப்பான், மின்சேமிப்பு முறையை நிறுத்துவான், தன் காதுக்கு அருகே மானிட்டர் எனப்படும் சிறு ஒலிபெருக்கியை வைத்துக்கொள்வான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், பத்து மீட்டர் தள்ளி உள்ள ஒலிபெருக்கியை நம்பி வாசித்தாலே 29 மில்லிநொடி போய்விடுகிறது. கணினியைத் திருத்திவிட்டு இதை மறந்தால் பயனில்லை.

குழுவில் இதுவரை கருத்துச் சொன்னவர்களில் ஐவர் சுணக்கத்துக்கும் ஒருவர் தாழ்ப்புக்கும் உடன்பட்டிருக்கிறீர்கள். நாளை காலை அச்சகம் திறக்கிறது. ‘சுணக்கம்’ என்று எழுதி, முதல்முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘லேட்டன்சி’ என்று தருகிறேன்.

பாலக்கோடு:

பெரும்பான்மையை மதிக்கிறேன், உடன்படவில்லை என்பதையும் பதிந்துவிடுகிறேன். சனிக்கிழமை காலைப் பேருந்தில் நானும் வருகிறேன். பிள்ளைகளிடம் எந்தச் சொல்லையும் சொல்லாமல், முதலில் 1024-இலும் பிறகு 128-இலும் ஒரே பாட்டை வாசிக்க வையுங்கள். விரலுக்கும் ஒலிக்கும் நடுவே கேட்டதற்கு அவர்கள் வாயில் முதலில் என்ன சொல் வருகிறது என்று நாம் இருவரும் கேட்போம்.