உதவி: மேனுவல் ஆக்‌ஷன் வந்திருக்கிறது, ஃபுட்டரில் மறைந்த லிங்குகள். டிஸ்அவோ ஃபைல் போட்டால் தீருமா?

குத்துவிளக்கு_கடை:
வணக்கம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்கும் சிறிய தளம். வேர்ட்பிரஸில் ஓடுகிறது, விற்பனைக்கு வூகாமர்ஸ், சிபேனல் (வழங்கியை நிர்வகிக்கும் பலகை) உள்ள ஷேர்டு ஹோஸ்டிங். எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும்) வேலையை மாதக் கட்டணத்துக்கு வெளியாள் ஒருவரிடம் கொடுத்திருந்தோம். தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் இப்போது "தளத்துக்கு வரும் இயல்பற்ற லிங்குகள்" என்று மேனுவல் ஆக்‌ஷன் காட்டுகிறது. அதாவது கூகுள் ஊழியர்கள் பார்த்துப் போட்ட தடை. கடைப் பெயரைத் தேடினாலும் முதல் பக்கத்தில் வருவதில்லை. பக்கத்தின் சோர்ஸைத் திறந்தால் ஃபுட்டரில் (அடிப்பகுதியில்) சூதாட்டத் தளங்களுக்கு லிங்க் இருக்கிறது, திரையில் தெரியவில்லை. டிஸ்அவோ ஃபைல் (இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குக் கொடுக்கும் பட்டியல்) போட்டால் சரியாகிவிடும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார் அவர். டொமைன் எங்கள் பெயரில் இருக்கிறது. சர்ச் கன்சோலில் ஓனர் அவர், நாங்கள் ஃபுல் யூசர் மட்டுமே. எதிலிருந்து தொடங்குவது?

வழங்கி_மணி:
டிஸ்அவோ கடைசி வேலை சார். முதலில் சாவிகள் உங்கள் கைக்கு வரட்டும். அவரிடம் எதுவும் சொல்வதற்கு முன் ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டையும் முழு பேக்கப் எடுத்து உங்கள் கணினியில் வையுங்கள். நாளைக்குப் பணத்தகராறு வந்தால் அதுதான் உங்கள் ஆதாரம்.

டொமைன் உங்களுடையது என்பதால் அவர் தயவு தேவையில்லை. சர்ச் கன்சோலில் உங்கள் ஜிமெயிலிலிருந்து "டொமைன்" வகை பிராப்பர்ட்டி (தளப் பதிவு) சேர்த்து, அது தரும் டிஎக்ஸ்டி ரெக்கார்டை (சரிபார்ப்பு வரியை) டிஎன்எஸ்ஸில் (டொமைனின் முகவரிப் பதிவுகளில்) போட்டால் நீங்களும் ஓனர். பிறகு செட்டிங்ஸில் யூசர் பட்டியலுக்குப் போய் அவரை நீக்குங்கள். பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், அது போதாது. அவர் சரிபார்ப்புக்குப் போட்ட எச்டிஎம்எல் ஃபைல் ரூட் ஃபோல்டரிலோ, மெட்டா டேக் தீமின் ஹெட்டரிலோ, பழைய டிஎக்ஸ்டி ரெக்கார்டு டிஎன்எஸ்ஸிலோ மிச்சம் இருந்தால், நினைத்த நேரத்தில் திரும்ப ஓனராகிவிடலாம். உங்களுடைய ரெக்கார்டை மட்டும் விட்டு மற்றவற்றை எடுங்கள்.

அடுத்து சிபேனல், எஃப்டிபி (ஃபைல் ஏற்றும் வழி), டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வேர்ட்பிரஸில் தெரியாத அட்மின் கணக்குகளையும், ஒவ்வொரு யூசர் பக்கத்தின் அடியில் இருக்கும் அப்ளிகேஷன் பாஸ்வேர்டுகளையும் (வெளி மென்பொருள்கள் உள்ளே வரப் பயன்படுத்துபவை) பாருங்கள். டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலில் உள்ள சால்ட் வரிகளை (லாகினைக் காக்கும் ரகசிய எழுத்துத் தொடர்கள்) மாற்றினால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியேற்றப்படுவார்கள். தளத்தில் ஸ்கிரிப்ட் சேர்க்கும் கூகுள் டேக் மேனேஜரை மறக்க வேண்டாம். அந்தக் கணக்கு அவருடையதாக இருந்தால், தளத்துக்குள் வராமலே ஸ்கிரிப்ட் செருக முடியும்.

நிரல்_செல்வி:
மறைந்த லிங்குகளைப் பற்றி. இவை உங்கள் தளத்திலிருந்து வெளியே போகும் லிங்குகள், டிஸ்அவோ வெளியிலிருந்து வரும் லிங்குகளுக்கு மட்டும். தீமின் ஃபுட்டர், ஃபங்ஷன்ஸ் ஃபைல்கள், விட்ஜெட்டுகள், பிறகு எம்யூ-பிளகின்ஸ் ஃபோல்டர் என்று தேடுங்கள். அந்த ஃபோல்டரில் போட்டது தானாக ஓடும், சாதாரண பிளகின் போல டீஆக்டிவேட் செய்ய வழியில்லை. ஒளித்து வைப்பவர்களுக்கு வசதியான இடம். படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி (நிரல்) ஃபைல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஒளித்த நிரலை ஓட்டப் பயன்படும் இவால், பேஸ்64 டீகோட் கட்டளைகளைத் தேடலாம், ஆனால் நல்ல பிளகின்களிலும் பேஸ்64 வரும், கண்டவுடன் அழிக்காதீர்கள்.

அழித்த லிங்க் மறுநாள் திரும்பி வந்தால், எதுவோ அதைத் திரும்ப எழுதுகிறது என்று பொருள். சிபேனலின் கிரான் ஜாப்ஸை (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகளை) பாருங்கள். தீம் காசு கொடுக்காமல் எங்கிருந்தோ எடுத்த நல்டு பிரதியாக இருந்தால் துப்புரவு செய்வது வீண். தூக்கிவிட்டு அசல் பிரதியைப் போடுங்கள். வேர்ட்பிரஸ் கோர் ஃபைல்களை அப்டேட்ஸ் பக்கத்திலிருந்தே ரீஇன்ஸ்டால் செய்யலாம்.

உங்கள் பிரவுசரில் லிங்க் காணவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். கூகுள்பாட்டுக்கு (தளங்களைப் படிக்கும் கூகுள் நிரலுக்கு) மட்டும் வேறு பக்கம் காட்டும் குளோக்கிங் இருக்கலாம். சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் லைவ் டெஸ்ட் ஓட்டி, கூகுள் பார்த்த எச்டிஎம்எல்லைத் திறந்து பாருங்கள்.

குத்துவிளக்கு_கடை:
நன்றி. எம்யூ-பிளகின்ஸில் ஒரு ஃபைல் கிடைத்தது, எடுத்தபின் லைவ் டெஸ்டில் லிங்க் இல்லை. இன்னொன்று: குத்துவிளக்கு மதுரை, குத்துவிளக்கு சேலம் என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும் பக்கங்கள் ஏராளமாக இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் லிங்குகளில் பெரும்பாலானவற்றின் ஆங்கர் (கிளிக் செய்யும் சொற்கள்) "குத்துவிளக்கு விலை".

இணைப்பு_ஆய்வு:
ஊர்ப் பக்கங்கள் டோர்வே பக்கங்கள், அதாவது தேடலில் வருபவரைப் பிடிக்க மட்டும் போட்டவை, அவையும் கூகுள் ஸ்பேம் விதிக்கு எதிரானவை. அழித்து, "நிரந்தரமாக நீக்கப்பட்டது" என்று சொல்லும் 410 குறியீட்டைக் கொடுங்கள். எல்லா ஊருக்கும் டெலிவரி விவரம் சொல்லும் ஒரே பக்கம் போதும். தேடல் நிரல்களுக்குத் தடை சொல்லும் ரோபோட்ஸ் ஃபைலில் அவற்றைத் தடுக்க வேண்டாம், தடுத்தால் அவை போய்விட்டதைக் கூகுளால் பார்க்க முடியாது. சர்ச் கன்சோலின் ரிமூவல்ஸ் கருவி தேடலிலிருந்து சுமார் 6 மாதத்துக்கு மறைக்கும், அவ்வளவுதான்.

ஒரே ஆங்கர் திரும்பத் திரும்ப வருவது காசு கொடுத்து வாங்கிய லிங்கின் அடையாளம். சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் அறிக்கையை எக்ஸ்போர்ட் செய்து டொமைன்வாரியாக அடுக்குங்கள். அவர் அனுப்பிய மாத அறிக்கைகளைத் தோண்டி எடுங்கள், எங்கெல்லாம் லிங்க் போட்டார் என்பது அதிலேயே இருக்கும். அந்தத் தளங்களுக்கு எழுதி லிங்கை நீக்கவோ நோஃபாலோ, ஸ்பான்சர்டு குறிகளை (தரவரிசைக்கு எண்ண வேண்டாம், காசு கொடுத்தது என்று கூகுளுக்குச் சொல்பவை) சேர்க்கவோ கேளுங்கள். தேதி, முகவரி, வந்த பதில் எல்லாம் ஒரு ஷீட்டில் பதிவாகட்டும்.

கேட்டும் நீங்காத லிங்குகளுக்குத்தான் டிஸ்அவோ. யுடிஎஃப்-8 டெக்ஸ்ட் ஃபைல், வரிக்கு ஒன்று. முழுத் தளத்தையும் ஒதுக்க, ஆங்கிலத்தில் "டொமைன்" என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, பிறகு இடைவெளி விடாமல் தளத்தின் பெயர். உச்சவரம்பு 1 லட்சம் வரிகள், 2 எம்பி. இந்தக் கருவி டொமைன் வகை பிராப்பர்ட்டியை ஏற்காது, யூஆர்எல் பிரிஃபிக்ஸ் (https:// உடன் முழு முகவரி தரும்) வகையையும் சேர்க்க வேண்டும். புதிய ஃபைல் பழையதை முழுதாக மாற்றிவிடும், ஆகவே அவர் ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் முதலில் டவுன்லோட் செய்யுங்கள். உங்களைப் பற்றி எழுதிய பத்திரிகைத் தளத்தையோ உண்மையான வாடிக்கையாளர் வலைப்பதிவையோ அதில் சேர்த்துவிடாதீர்கள். வந்த லிங்கை எல்லாம் அள்ளிப் போடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய சேதம்.

அதற்குப் பிறகே ரீகன்சிடரேஷன், அதாவது தடையை நீக்கக் கூகுளிடம் மறுபரிசீலனை கோருவது. தவறு என்ன, என்ன திருத்தினீர்கள், விளைவு என்ன என்று நேராக எழுதி, ஷீட்டின் லிங்கைக் கொடுங்கள். பதில் வரச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம், இடையில் மறுபடி அனுப்ப வேண்டாம். தடை நீங்கினாலும் பழைய இடம் அப்படியே கிடைக்காது. வாங்கிய லிங்குகள் கொடுத்த பலம் இனி இருக்காது.

குத்துவிளக்கு_கடை:
புரிந்தது. இனி வேறு ஆளை வைத்தால் எந்த அனுமதி கொடுக்கலாம்?

வழங்கி_மணி:
சர்ச் கன்சோலில் ஃபுல் போதும், ஓனர் வேண்டாம். வேர்ட்பிரஸில் எடிட்டர். பிளகின் போட வேண்டும் என்றால் உங்களிடம் கேட்கட்டும், நீங்களே போடுங்கள். லிங்க் எங்கே, யாரிடம், காசு கொடுத்தா என்பதை மாதாமாதம் எழுதித் தர ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலிடம் நிச்சயம் என்று சொல்பவரைச் சேர்க்கவே வேண்டாம், அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.