புதுப்பிப்பு: பெரியபட்டினத்து மாணவியின் பொறியியல் சேர்க்கை

படகில் கூலிக்குச் செல்லும் என் மச்சானின் மகளுக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று மே மாதம் கேட்டிருந்தேன். பலரும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டைச் சுட்டிக்காட்டினீர்கள். அதை நம்பித்தான் சான்றிதழ்களைத் திரட்டினோம். ஆனால் அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்ததோ, தனியார் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி. பிள்ளையைச் சேர்க்கும் நாளில் எங்கள் கடற்கரையில் இந்த வேறுபாட்டை யார் யோசிக்கிறார்கள்?

எஞ்சியது பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதம். அதில் குடும்ப வருமானம் பார்க்கப்படுவதில்லை என்பதால், சென்னையில் தனிப்பயிற்சி பெற்ற வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை வைத்து 200க்குக் கணக்கிடப்படும் அதே கட்-ஆஃப் வரிசையில்தான் இவளும் நிற்க வேண்டியிருந்தது. கிண்டி கிடைக்கவில்லை. ராமநாதபுரத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் இருந்ததால் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு.

அவளுடைய தங்கை இப்போது ஐந்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டு அரசுப் பள்ளியில்தான் சேர்க்கப்போவதாக ராத்தா (அக்கா) சொல்லிவிட்டார்.