மே மாதம் மான்செஸ்டர் போகிறோம்: எந்தப் பழைய வீடுகளைப் பார்க்கலாம்?

மஞ்சக்குப்பத்தார்:
வணக்கம். மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். மே மாதம் நானும் வீட்டுக்காரம்மாவும் போகிறோம். கால்பந்து மைதானம், ஷாப்பிங் என்று மாப்பிள்ளை ஏற்கெனவே பட்டியல் போட்டுவிட்டார். எனக்குப் பழைய அரண்மனை, பெரிய வீடு என்று நாலைந்து பார்த்தால் போதும். தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது. டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நோணாங்குப்பம்:
நாலைந்து இடம் என்றால் தனித்தனி டிக்கெட் வேண்டாம், அங்கே பழைய வீடுகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் ஆண்டு உறுப்பினர் அட்டையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் கார் நிறுத்தக் கட்டணமும் மிச்சம். ஆனால் சாட்ஸ்வொர்த் மாதிரி பேர்போன சில வீடுகள் டிரஸ்டிடம் இல்லை, அங்கே அட்டை செல்லாது.

முதலியார்பேட்டை மில்காரன்:
சார், அழகான வீடு என்று மட்டும் பார்த்துப் போனால் மூன்றாவது வீட்டிலேயே சலித்துவிடும். அதே பட்டுக் கட்டில், அதே வெள்ளிக் கரண்டி. நம் கடலூர், புதுச்சேரிக் கரையோடு ஏதாவது ஒட்டு உறவு உள்ள இடமாகப் பொறுக்குங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் குவாரி பேங்க். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டயல் என்ற ஊரில் இருக்கிறது. சாமுவேல் கிரெக் 1784-இல் தொடங்கிய பஞ்சாலை. நான் புதுச்சேரி ஏ.எஃப்.டி. துணி மில்லில் தறி ஓட்டியவன். கடலூர் சாலையில் பஸ்ஸில் வரும்போது அந்தப் பூட்டிய கேட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குவாரி பேங்கில் பார்வையாளருக்காகத் தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். சத்தத்தில் என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். நான் எந்தத் தறியில் நூல் அறுந்திருக்கிறது என்று காது கொடுத்துக்கொண்டு நின்றேன், பழக்கம் விடுமா!

ஆலையோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் வேலைப் பிள்ளைகள் தங்கிய வீடு இருக்கிறது. ஆதரவற்ற பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்து, கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுக்கவைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். கிரெக்குக்கு கரீபியன் தீவான டொமினிக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டமும் இருந்தது. நம் கடற்கரையிலிருந்து துணி கப்பலேறிய காலம் போய், இங்கிலாந்துத் துணி இங்கே வந்து இறங்க ஆரம்பித்தது இந்த மாதிரி ஆலைகளால்தான். அரண்மனையில் இதையெல்லாம் யார் காட்டுவார்கள்?

அடுத்து வேல்ஸில் பொவிஸ் கோட்டை. ராபர்ட் கிளைவ் அங்கே வாழ்ந்தவர் இல்லை. சென்னை கவர்னராக இருந்த அவர் மகன் எட்வர்ட் அந்தக் கோட்டைக் குடும்பத்தில் பெண் எடுத்தவர், அந்த வழியில் இந்தியாவிலிருந்து போன பொருள்கள் அங்கே சேர்ந்தன. திப்புவின் கூடாரம், சிம்மாசனத்தில் இருந்த தங்கப் புலித்தலை எல்லாம் அங்கேதான். அறைக்கு அறை வயதான தன்னார்வலர் ஒருவர் நிற்பார். கூச்சப்படாமல் கேளுங்கள், மனிதர் கொட்டுவார். என் அரைகுறை ஆங்கிலத்துக்கே அரை மணி நேரம் பேசினார்கள்.

வழியில் ரெக்ஸம் ஊர் தேவாலய வளாகத்தில் எலிஹு யேல் கல்லறை, காசில்லாமல் பார்க்கலாம். அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, ஆப்பிரிக்காவில் சுற்றி, ஆசியாவில் மணமுடித்தவர் என்று அதில் பாட்டாகவே வெட்டியிருக்கிறது. உங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் வாங்கியபோது சென்னையில் தலைவராக இருந்தவர் இவர்தான். பீரங்கியை நாலு பக்கமும் சுட்டு, குண்டு விழுந்த இடம்வரை எங்களுடையது என்று வளைத்த கதை குண்டு உப்பலவாடிப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 1756-இல் கிளைவ் கவர்னராக வந்ததும் அதே கோட்டைக்குத்தான். இரண்டே வருடத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். மிச்சமிருக்கும் சுவரைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். இல்லாவிட்டால் பொவிஸில் புலித்தலை தங்கமாக மட்டும் தெரியும்.

ஆரோவில் ரோடு:
மில்காரன் அண்ணே, மனுஷன் லீவுக்குப் போகிறார், பரீட்சைக்கு இல்லை! பொவிஸ் தோட்டம் செங்குத்தான அடுக்கு, முழங்கால் வலியோடு இறங்கி ஏற முடியாது. அம்மாவை டன்ஹாம் மாசி என்ற மாளிகைக்குக் கூட்டிப் போங்கள் சார். சமதரைப் பாதை, மான்கள் மேயும், ஸ்கோன் என்ற பன் மாதிரிப் பண்டமும் தேநீரும் கிடைக்கும். எங்கள் அம்மாவுக்கு அந்தப் பயணத்தில் பிடித்த ஒரே இடம் அதுதான்.

மஞ்சக்குப்பத்தார்:
எல்லாருக்கும் நன்றி. பொவிஸுக்கு நானும் மாப்பிள்ளையும், டன்ஹாமுக்கு எல்லாரும் என்று முடிவாகிவிட்டது. ஒரு சந்தேகம். புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கம் பிள்ளை வீட்டையும் போவதற்குள் பார்க்க ஆசை. நேராகப் போனால் உள்ளே விடுவார்களா?

முதலியார்பேட்டை மில்காரன்:
விடமாட்டார்கள் சார், தனியார் வீடு. முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். கிடைத்தால் தவறவிடாதீர்கள். கீழே செதுக்கிய மரத்தூணும் முற்றமுமாக நம் வீடு, மாடியில் வெள்ளைத் தூணோடு பிரெஞ்சு வீடு. 1761-இல் ஆங்கிலேயர் ஊரை இடித்தபோது தப்பியது. அனுமதி கிடைக்காவிட்டால் வைசியாள் வீதியில் திண்ணை, தாழ்வாரம் பார்த்துக்கொண்டே நடங்கள், அந்த வீதிக்கு யுனெஸ்கோ விருதே கொடுத்திருக்கிறது. அப்புறம் பாரதி பூங்கா பக்கம் அருங்காட்சியகம். அரிக்கமேட்டில் எடுத்த ரோமானிய ஜாடித் துண்டுகள் அங்கேதான் இருக்கின்றன. திங்கட்கிழமை மட்டும் வராதீர்கள், பூட்டியிருக்கும்.

டன்ஹாம் விஷயத்தில் தம்பி சொன்னது சரிதான். ஸ்கோன் எனக்குத்தான் பிடிக்கவில்லை.