கீழ் வீட்டுக்காரர் மண்ணை வெட்டிட்டார், தடுப்புச் சுவர் யார் கட்டணும்?

கோத்தகிரி வாசி:
எங்க வீடு மேட்டுல இருக்கு. கீழ இருக்கிறவர் வீடு கட்ட, எங்க எல்லை ஓரமா 7 அடிக்கு நெட்டுக்குத்தா மண்ணை வெட்டிட்டார். ஐப்பசி மழையில மண்ணு சரிஞ்சு, முள்வேலிக் கம்பம் ரெண்டு அந்தரத்துல தொங்குது. அடி காங்கிரீட் வெளிய தெரியுது. "உங்க மண்ணு, நீங்களே கட்டிக்கோங்க"ங்கிறார். அம்மா துணி காயப்போடுற இடம் அது. என்ன செய்யலாம்?

மேஸ்திரி அண்ணன்:
தம்பி, முதல்ல அம்மாவை அந்தப் பக்கம் விடாதீங்க. விளிம்புல தார்ப்பாய் போட்டு, மேலேருந்து வர்ற தண்ணிய வேற பக்கம் திருப்பி விடுங்க. தடுப்புச் சுவரைச் சாய்க்கிறது பெரும்பாலும் தண்ணிதான். கருங்கல்லுல 7 அடி உயரம்னா அடியில 4 அடி அகலமாவது வேணும். அந்த அகலம் முழுக்கக் கட்டுறவர் நிலத்துக்குள்ளயே வரணும். பின்னால ஜல்லி நிரப்பி, தண்ணி வடிய பைப் வைக்காம யாரையும் கட்ட விடாதீங்க!

நில அளவை ஓய்வு:
1882 ஈஸ்மென்ட் சட்டம் (அக்கம்பக்கத்து நில உரிமைகளைப் பத்தினது) 7வது பிரிவைப் பாருங்க. பக்கத்து நிலம் உங்க மண்ணுக்குக் கொடுக்கிற இயற்கையான தாங்கல் உங்க உரிமை. ஆனா அது மண்ணுக்குத்தான். மேல கட்டின கட்டடத்தோட பாரத்துக்கு அப்படியே பொருந்தாது. வீடு எவ்வளவு தள்ளி இருக்கு? எதுக்கும் எஃப்எம்பி ஸ்கெட்ச் (உங்க நிலத்தோட அளவு காட்டுற அரசு வரைபடம்) வாங்கி, சர்வேயரை வச்சு அளந்து கல் நட்டுட்டு அப்புறம் பேசுங்க.

கோத்தகிரி வாசி:
வீடு 20 அடி உள்ள தள்ளி இருக்குங்க ஐயா. தார்ப்பாய் இப்பவே போடறோம், அளக்க நாளைக்கு மனு.